சம்பளமில்லாத நேர்முகத் தேர்வு

இந்த அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, எண்களைப் பேசவைக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியப் பெருமக்களே, மேடையின் வலப்பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வீற்றிருக்கும் வேலைவாய்ப்பு அலுவலர் ஐயா அவர்களே, பிள்ளைகளின் படிப்பு முடியட்டும் என்று தங்கள் ஆசைகளை எல்லாம் ஒத்திப்போட்ட தாய்மார்களே, தந்தையரே, நாற்காலி கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் பெரியவர்களே, முதுகலையின் கடைசிப் படியில் கால்வைத்து நிற்கும் என் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் என் அன்பும் பணிவும் கலந்த வணக்கம்.

பட்டம் பெற்ற பின் வேலைக்குத் தயாராவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். நம்பிக்கையூட்டும்படி பேச வேண்டும் என்று தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நம்பிக்கைதான் ஊட்டப்போகிறேன். ஆனால் சர்க்கரை தடவி ஊட்ட எனக்கு வராது. நான் கோபத்தோடு வந்திருக்கிறேன். நல்ல நாளில் கோபத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாமே என்று முன்வரிசையில் ஒருவர் முகம் சுளிக்கிறார். வைத்துவிட்டுத்தான் ஐயா கிளம்பினேன். தெருமுனையில் வந்து சேர்ந்துகொண்டது.

சிரியுங்கள். சிரித்துவிட்டுக் கேளுங்கள். ஏனென்றால் நான் சொல்லப்போவது எனக்கு நடந்தது, என் தோழிக்கு நடந்தது, நாளைக் காலையில் உங்களுக்கும் நடக்கக்கூடியது.

இந்த அரங்கத்துக்கு மேலே இருக்கும் கணினி அறையில்தான் என் ஆய்வேட்டை எழுதினேன். நகரப் பேருந்துகள் எந்த நிறுத்தத்தில், எதனால் தாமதமாகின்றன என்பது என் ஆய்வு. அதற்காக நிறுத்தம் நிறுத்தமாக நின்றேன். வெயிலில் நின்றேன், மழையில் நின்றேன், நடத்துநர்களின் வசவில் நின்றேன். "ஏறவும் மாட்டேங்குற, போகவும் மாட்டேங்குற, யாரும்மா நீ?" என்று கேட்காத நடத்துநர் இந்த நகரத்தில் இல்லை. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னைக் கேள்வியால் துளைத்தெடுத்தார். முடிவில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இந்தப் பொண்ணு சொல்றத பஸ் ஓட்டுறவங்க கேட்டா தேவல" என்றார். அதைவிட ஒரு பாராட்டு உண்டா?

என் அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக, கையில் கிரீஸ் கறையோடு, இந்த வராந்தாவில் வந்து நின்றார். "பாஸா?" என்றார். "பாஸுப்பா" என்றேன். "சரி. இனிமே நான் லிஃப்ட சரிபண்ணுவேன், நீ அதுல ஏறி ஆபீஸுக்குப் போ" என்றார். அவ்வளவுதான் அவர் பேசினார். அன்று முழுக்க அவர் காலர் தூக்கியே இருந்தது.

படித்து முடித்தோம். பட்டம் கிடைத்துவிட்டது. பாதை கிடைத்ததா? அதற்குத்தான் வேலைவாய்ப்புப் பிரிவில் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். எப்படி உட்கார வேண்டும், எவ்வளவு சிரிக்க வேண்டும், கைகுலுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். "உங்கள் குறை என்ன?" என்று கேட்டால், "அளவுக்கு மீறி உழைப்பதுதான் என் குறை" என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். ஓயாமல் பேசுவாள், அதனால் அவளுக்கு வானொலி என்று பெயர். அவள் எழுந்து, "சார், அவங்க குறை என்னன்னு நாம எப்போ கேக்கறது?" என்றாள். பயிற்சி கொடுத்தவர், "அதெல்லாம் சிலபஸ்ல இல்லம்மா, உக்காரு" என்றார்.

சிலபஸில் இல்லை. தங்கைகளே, அந்தச் சிலபஸில் இல்லாத பாடத்தைத்தான் நாங்கள் ஆறாவது மாடியில் படித்தோம்.

அது ஒரு ஆய்வு நிறுவனம். ஊரின் நடுவே கண்ணாடிக் கட்டடம். வேலைவாய்ப்புப் பிரிவே எங்களை அனுப்பிவைத்தது. அங்கே மேலாளர் ஒருவர். குரலில் வெண்ணெய் உருகும். "இது கம்பெனி இல்லம்மா, குடும்பம்" என்றார். முதல் நாள் பேச்சு முடிந்ததும், "உங்க மார்க்கெல்லாம் பாத்தாச்சு. வேலை எப்படிச் செய்வீங்கன்னு பாக்கணும். ஒரு சின்னப் பயிற்சி தர்றேன், வீட்ல செஞ்சு எடுத்துட்டு வாங்க" என்றார்.

சின்னப் பயிற்சி. நகரத்தில் ஒரு பகுதி முழுவதும் மக்கள் குடிநீர் வாரியத்துக்குக் கொடுத்த புகார்கள். எந்தத் தெருவில் குழாய் அடிக்கடி உடைகிறது, எந்தத் தெருவில் தண்ணீர் கலங்கி வருகிறது, எதை முதலில் மாற்ற வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அம்மா சீருடை தைக்கிற பட்டறையில் துணி வெட்டுகிறவர். வீட்டுக்கும் துணி எடுத்து வருவார். அவர் துணி வெட்டும் மேசையின் ஒரு பாதியைக் காலிசெய்து எனக்குக் கொடுத்தார். அக்கா தன் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டாள். நான் அந்தப் பயிற்சியை ஆய்வேட்டைப் போலச் செய்தேன். சந்தேகம் வந்த தெருக்களுக்கு நேரில் போய்க் குழாயடியில் பெண்களிடம் கேட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலாளர் புரட்டிப் பார்த்தார். "அருமை" என்றார். அடுத்த கட்டம் என்று இன்னும் கொஞ்சம் கொடுத்தார். அதையும் செய்தேன். "அற்புதம்" என்றார். கடைசிக் கட்டம் என்று இன்னும் கொஞ்சம். அருமை, அற்புதம், ஆகா, ஓகோ. வாயால் கொடுத்ததெல்லாம் இவ்வளவுதான். கையால் ஒன்றும் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்களுக்கு என்ன பயிற்சி குடுத்தோம்னு வேற யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இது உங்க நேர்மைக்கும் ஒரு டெஸ்ட்" என்றார். நாங்கள் நேர்மையான பிள்ளைகள் அல்லவா? வாயைத் திறக்கவில்லை. வானொலியும் அங்கேதான் போய்வந்துகொண்டிருந்தாள். எதைப் பற்றியும் பேசுகிறவள் அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கிடையே ஒரு பள்ளியில் அவளுக்குக் கணித ஆசிரியர் வேலை வந்தது. மேலாளரிடம் போய் உள்ளதைச் சொன்னாள். அவர், "அவசரப்படாதம்மா. உனக்குத்தான் இங்க இடம். ஆர்டர் டைப் ஆகணும், அவ்ளோதான்" என்றார். அவள் பள்ளிக்குப் போய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். தந்தை இல்லாத வீடு அவளுடையது. தம்பியின் படிப்பு அவள் தோளில் இருந்தது. அந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அந்தத் துணிச்சலை அவளுக்குக் கொடுத்தது எது? ஒரு மனிதரின் வாக்கு. அந்த வாக்குக்கு வாய்தான் இருந்தது, மனம் இல்லை.

கடைசிக் கட்டத்துக்கு எல்லோரையும் ஒரே நாளில் வரச்சொன்னார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை. வரவேற்பறை நிறைய ஆட்கள். வேறு வேறு கல்லூரி, வேறு வேறு முகம், எல்லார் மடியிலும் கோப்பு. மேலாளர் வரத் தாமதமானது. எல்லோரும் வாயை மூடி உட்கார்ந்திருந்தோம். வானொலியால் எவ்வளவு நேரம் தாங்க முடியும்? பக்கத்தில் இருந்த பையனிடம், "என்ன பயிற்சின்னு நான் கேக்கல. எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். அவன் தயங்கி, "ரயில் பாதைக்கு வடக்க" என்றான். இவள், "நான் தெற்க" என்றாள். எதிரே இருந்த பெண் நிமிர்ந்து, "எனக்கு ஆஸ்பத்திரி ரோட்டுப் பக்கம்" என்றாள். மூலையிலிருந்து ஒருவர், "சந்தைப் பக்கம்" என்றார். நான், "துணிமில் பக்கம்" என்றேன்.

ஒவ்வொருத்தராக மடியிலிருந்த கோப்பைத் திறந்து பார்த்தோம். அந்த அறையில் ஊர் முழுவதும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொருத்தர் மடியிலும் ஒரு துண்டு. சேர்த்துவைத்தால் ஒரு நகரத்தின் முழு அறிக்கை. குடிநீர் வாரியம் அந்த நிறுவனத்திடம் காசு கொடுத்து ஒப்படைத்த வேலை. அதைக் காசு வாங்காமல் செய்துகொண்டிருந்தவர்கள் நாங்கள்.

மேலாளர் வந்தார். வானொலி எழுந்து நின்றாள். "சார், ஒன்னே ஒன்னு கேக்கறேன். இங்க எத்தனை இடம் காலியா இருக்கு?"

"முதல்ல உக்காருங்க."

"எத்தனை இடம் சார்?"

"இப்போதைக்கு இடம்னு எதுவும் இல்லம்மா. எதிர்காலத்துல வரும்போது உங்களைத்தான் கூப்பிடுவோம். நல்ல பிள்ளைங்க விவரத்தை எல்லாம் சேத்து வெச்சுக்கறோம்."

இடம் எதுவும் இல்லை. அன்று மட்டும் இல்லையா? முதல் நாள் கைகுலுக்கியபோது இருந்ததா? அருமை என்றபோது இருந்ததா? அவள் பள்ளி வேலையை உதறிவிட்டு வந்தபோது இருந்ததா? என்றைக்குமே இல்லை, ஐயா. இல்லாத வேலைக்கு எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். இல்லாத நாற்காலிக்கு எங்களை நேராக உட்காரப் பழக்கினார்கள்.

நாங்கள் கடைசித் துண்டுகளைக் கொடுக்காமல் இறங்கிவந்தோம். அறிக்கையை ஒப்பேற்றும் அளவுக்கு முன்பே கொடுத்தவை அவர்களிடம் இருந்தன. வானொலி வழியெல்லாம் பேசவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, "ஸ்கூல்ல கேட்டுப் பாக்கட்டுமாடி?" என்றாள். கேட்டாள். வேறு ஆள் சேர்ந்துவிட்டார்.

மறுநாள் நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன். வேலைவாய்ப்பு அலுவலர் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். ஐயா, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது. "பொறுமையா இரும்மா. அவங்க கோவிச்சுக்கிட்டா அடுத்த வருஷம் நம்ம காலேஜுக்கு வர மாட்டாங்க" என்றீர்கள். அடுத்த வருஷமும் வந்து ஏமாற்றட்டும் என்றா பொறுமையாக இருக்கச் சொன்னீர்கள்? இல்லை, தண்ணீர் எனக்கு வேண்டாம். நீங்கள் குடியுங்கள் ஐயா. இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

சில வாரம் கழித்து அப்பா இந்தக் கல்லூரியின் நூலகக் கட்டடத்துக்கு லிஃப்ட் பார்க்க வந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் சாப்பிட உட்காரவில்லை. அம்மா துணி வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா என்னைப் பார்த்து, "வேலை கெடச்சத எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்னப்பா?"

"கேட்டுல உம்படம் போட்டிருக்கு. பெரிசா. கம்பெனி பேரு, கீழ உன் படம், நம்ம மாணவின்னு. நான் கூட வேலை செய்யறவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன்." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை அறுத்தது. "நான் போய் ஆபீஸ் வாசல்ல நிப்பேன்னு நெனச்சியா? கையில கறையோட வருவேன்னு கூச்சமா?"

அம்மாவின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது.

"எனக்கு வேலை கெடைக்கலப்பா" என்றேன்.

அப்பா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அப்ப அந்தப் படத்துல இருக்கறது யாரு?" என்றார்.

பெருமக்களே, இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எந்தப் பயிற்சி வகுப்பில் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள்? எந்தக் கோணத்தில் உட்கார்ந்து, எவ்வளவு சிரித்து நான் அந்த மனிதருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்? எங்கள் உழைப்பை ஒருவர் திருடினார். நாங்கள் திருட்டுக் கொடுத்ததைத் திருவிழாவாக்கிப் படம்போட்டுத் தொங்கவிட்டார் இன்னொருவர். நிறுவனத்துக்கு ஓசியில் ஒரு அறிக்கை, கல்லூரிக்கு ஓசியில் ஒரு விளம்பரம். எனக்குக் கிடைத்தது, என் தகப்பன் என்னைச் சந்தேகப்பட்ட ஒரு சாயங்காலம்.

அந்தப் பதாகை இன்றும் வாயிலில் தொங்குகிறது. நிறம் வெளுத்துவிட்டது. அதன் அடியில் நடந்துதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள், நானும் வந்தேன்.

தலைவர் ஐயா ஏதோ சொல்கிறார். கூட்டம் முடிந்ததும் இறக்கச் சொல்கிறேன் என்கிறார். நன்றி ஐயா. ஆனால் கூட்டம் முடியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? விழாவுக்கு விளக்குக் கட்டக் கொண்டுவந்த ஏணி வாசலிலேயே இருக்கிறது. தம்பிகள் இரண்டு பேர் போனால் போதும். போங்கள் தம்பி. கிழிக்க வேண்டாம், மடித்துக் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுங்கள்.

இருங்கள், கைதட்ட வேண்டாம். கதை முடியவில்லை.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. வானொலியைக் கூப்பிட்டேன். அவள் வரவேற்பறையில் பேசிய ஒவ்வொருத்தரையும் தேடிப் பிடித்தாள். அவள் நாக்கு அன்றைக்கு நல்ல வேலை செய்தது. பாதிப் பேர் பயந்தார்கள். "எங்க பேரு கெட்டுப்போயிடும், அப்புறம் எவன் வேலை தருவான்?" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீதிப் பேர் வந்தார்கள். புகார்த் தாள்களின் தலையில் குடிநீர் வாரியத்தின் பெயர் இருந்தது. நேரே அங்கே போனோம். வாயிற்காவலர் விடவில்லை. உட்கார்ந்தோம். மறுநாளும் போய் உட்கார்ந்தோம். தலைமைப் பொறியாளர் ஒரு அம்மையார். காரிலிருந்து இறங்கியவர் எங்களைப் பார்த்து, "யாரு நீங்க, தண்ணி வரலையா?" என்றார். வானொலி, "தண்ணி வருதும்மா, சம்பளம்தான் வரல" என்றாள்.

அம்மையார் உள்ளே கூப்பிட்டார். முதலில் நம்பவில்லை. "அனுபவமுள்ள குழு ஒண்ணு செஞ்சதா சொல்லித்தானே அறிக்கை குடுத்திருக்காங்க" என்றார். பிறகு எங்களை ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார். என் பகுதியில் ஒரு தெருவின் குழாயை ஏன் முதலில் மாற்றச் சொல்லியிருக்கிறது என்றார். நான் காரணம் சொன்னேன். அந்தக் குழாயடியில் பெண்கள் என்னிடம் சொன்னதையும் சொன்னேன். அடுத்தவள் அவள் பகுதியைச் சொன்னாள். அடுத்தவன் அவன் பகுதியை. அம்மையார் தொலைபேசியை எடுத்து மேலாளரை வரவழைத்தார். அதே கேள்விகளை அவரிடம் கேட்டார். வெண்ணெய்க் குரல் வறண்டுபோனது. "எங்க டீம்ல கேட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். அம்மையார் எங்களைக் காட்டி, "டீம் இங்கதான் இருக்கு, கேளுங்க" என்றார்.

இதைச் சொல்லும்போது நீங்கள் கைதட்டுகிறீர்கள். அன்று எங்களுக்குக் கைதட்டத் தோன்றவில்லை. செய்த வேலைக்கு ஊதியம் தந்தால்தான் நிறுவனத்துக்கு வாரியத்தின் மீதித் தொகை என்றார் அம்மையார். மாதக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுக் கொடுத்தார்கள். வரப் பயந்தவர்களுக்கும் சேர்த்தே வாங்கிக்கொடுத்தோம். அறிக்கையில் எங்கள் பெயர்கள் ஏறின. ஆனால் எங்களில் ஒருவருக்கும் அங்கே வேலை இல்லை. வானொலிக்கு அந்தப் பள்ளி வேலை திரும்பக் கிடைக்கவில்லை. இன்று ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில், வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும்படி பாடம் நடத்துகிறாள். ஆசிரியர் வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டே இருக்கிறாள். நியாயம் கிடைத்தது. நேரம் கிடைக்கவில்லை. ஒரு வருடத்தை அவளிடமிருந்து எடுத்தவர்கள் அதை எந்தக் காசோலையில் எழுதித் திருப்பித் தருவார்கள்?

நான் இப்போது ஒரு மருத்துவமனையின் புள்ளிவிவரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நேர்முகத் தேர்வில், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள். "இதுக்கு முன்னால இந்த நாற்காலியில இருந்தவர் ஏன் போனார்?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் உண்மையைச் சொன்னார்: வேலை அதிகம், ஆள் குறைவு. உண்மையைச் சொல்கிற இடம் என்று தெரிந்ததால் சேர்ந்தேன்.

தங்கைகளே, தம்பிகளே, தயாராவது எப்படி என்றுதானே கேட்டீர்கள்? படித்ததைத் திரும்பப் படியுங்கள். செய்த ஆய்வைப் பாட்டியும் புரிந்துகொள்ளும்படி சொல்லப் பழகுங்கள். நேரத்துக்குப் போங்கள். சட்டையைத் தேய்த்துப் போடுங்கள். இதையெல்லாம் செய்யாதவர் இங்கே யார்? நீங்கள் தயார். உங்களைப் பெற்றவர்கள் என்றைக்கோ தயார். தயாராகாதவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். எத்தனை இடம் என்று சொல்லத் தயாரா? எவ்வளவு சம்பளம் என்று எழுதத் தயாரா? வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற வேலைக்குக் கூலி கொடுக்கத் தயாரா? உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம். அறிவு வேண்டும், அறிந்தவர் வேண்டாம். பயிர் வேண்டும், பயிரிட்டவர் வேண்டாம் என்கிறவர்களுக்கு இந்த வாயில் இனித் திறக்கக் கூடாது.

நாளைக் காலையில் இந்த வளாகத்துக்கு ஒரு நிறுவனம் வருகிறது என்று அறிவிப்புப் பலகையில் படித்தேன். வேலைவாய்ப்பு அலுவலர் ஐயா, பெரிய மனசு பண்ணிச் சொல்லுங்கள். நாளை வருகிறவர்களிடம் எத்தனை இடம் இருக்கிறது?

ஒலிபெருக்கி இல்லாமலே சொல்லலாம் ஐயா. காத்திருக்கிறோம்.

கேட்கவில்லை என்கிறார். அவர்களிடம் கேட்டுவைக்கவில்லை என்கிறார். பொய் சொல்லாமல் உள்ளதைச் சொன்னார், அதற்கு என் நன்றி. ஆக, கேட்க வேண்டிய வேலை இன்னும் பாக்கி. நாளைக்கு முதலில் உள்ளே போகிறவர் யார்?

அந்தக் கடைசி வரிசையில், நீலத் துப்பட்டா. நீயா அம்மா? எழுந்து சத்தமாகச் சொல்.

"நான்தான் அக்கா முதல்ல. நான் கேக்கறேன்."

பயமாக இருக்கிறதா?

"இருக்கு."

இருக்கட்டும். இரண்டாவதாகப் போகிறவர் யார்? நீங்களா தம்பி? நீங்களும் கேட்பீர்களா? மூன்றாவது? அந்தப் பக்கம்? எல்லோரும் எழுந்துவிட்டீர்கள். பெற்றோர்கள் ஏன் எழுகிறீர்கள், நேர்முகத் தேர்வு உங்களுக்கு இல்லை. சரி, நில்லுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஐயா, இவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் வருகிறவர்களுக்கு இன்றைக்கே தொலைபேசி செய்து, பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள், நீங்களும் பதிலோடு வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

கடுஞ்சொல்லைப் பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், எழுந்து போகாமல் அமர்ந்திருந்த அலுவலர் ஐயாவுக்கும், நின்றுகொண்டிருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வெல்க உங்கள் உழைப்பு. வணக்கம்.